றங்குப்பெட்டியிலிருந்து பல்கலைக்கழக நூலகத்துக்கு: குடும்பக் கடிதங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒப்படைக்க முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு பழைய வீடு கைமாறும்போதோ இடிக்கப்படும்போதோ முதலில் தீக்குப் போவது கடதாசிதான். தளபாடங்களைப் பங்கிடுகிறார்கள், பித்தளைப் பாத்திரங்களை நிறுத்து விற்கிறார்கள், றங்குப்பெட்டிக்குள் இருந்த கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் முற்றத்தில் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். கசெட்டுகள் குப்பை வண்டியில் ஏறுகின்றன. இவற்றைப் பல்கலைக்கழக நூலகங்கள் தனிச் சேகரிப்பாக ஏற்றுப் பாதுகாக்கும் வழக்கம் உலகெங்கும் இருக்கிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் எங்கே தொடங்குவது என்று தயங்கி, பெட்டியைத் திரும்பவும் மூடிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பெட்டி ஒன்று வீட்டில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

"எங்கள் அப்பா ஒன்றும் பெரிய தலைவர் இல்லையே" என்ற தயக்கத்தை முதலில் விலக்கிவிட வேண்டும். தமிழரசுக் கட்சித் தலைவர் எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் கடிதங்களும் ஆவணங்களும் இன்று கனடாவில், ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகத்தில் தனித் தொகுப்பாக இருக்கின்றன. 1956 ஆகஸ்டில் மக்கள் கால்நடையாகத் திருகோணமலைக்கு வந்து கூடிய தமிழரசுக் கட்சி மாநாட்டை ஆராய்பவர், தலைவரின் பக்கத்தை அங்கே தேடலாம். நடந்து வந்தவர்களுக்குச் சோறு போட்ட வீட்டின் செலவுக் கொப்பி தப்பியிருந்தால், அது நம் ஊரில் ஏதோ ஓர் அலுமாரியில்தான் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த நாள் முழுமையாகப் புரியும். ஆசிரியரின் நாட்குறிப்பு, கடற்படைத் துறைமுகத்தில் வேலை செய்தவரின் சம்பளப் புத்தகம், தம்பலகாமத்து விவசாயியின் வயல் கணக்கு, கிண்ணியாவில் பாடிப் பதிந்த நாட்டார் கவி, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் எல்லாம் ஆவணங்களே.

இந்த ஊருக்குச் சுவடி காக்கும் வேலை புதிதும் அல்ல. 1895 இல் வெளியான 'மோகனாங்கி' நாவலை எழுதிய திருகோணமலைக்காரர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் கீழைத்தேயச் சுவடி நிலையத்தின் நூலகராக இருந்தவர்.

முதலாம் படி: எதையும் அடுக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் நல்ல மனத்தோடு செய்யப்படும் வேலைதான் பெரும் சேதத்தை உண்டாக்குகிறது. கடிதங்களை ஒரு பக்கம், படங்களை ஒரு பக்கம், பில்களை ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறோம். ஆனால் ஒரு கடிதத்துடன் ஒரு படமும் ஒரு மருந்துச் சீட்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தால், கட்டியவர் ஒரு காரணத்தோடுதான் கட்டினார். அந்தக் கட்டை அவிழ்த்தால் காரணமும் போய்விடும். சுவடிக் காப்பாளர்கள் எங்கும் பின்பற்றும் இரண்டு விதிகள் இவை: ஒருவருடைய ஆவணங்களை இன்னொருவருடையவற்றோடு கலக்கக் கூடாது, அவர் வைத்திருந்த ஒழுங்கைக் குலைக்கக் கூடாது.

ஆகவே பெட்டி இருக்கும் நிலையிலேயே கைபேசியால் படம் எடுங்கள். மேலடுக்கை எடுத்த பின் அடுத்த அடுக்கையும் எடுங்கள். பெட்டிகளுக்கு எண் கொடுங்கள். எந்த அறையில், எந்த அலுமாரியில், யாருடைய பொறுப்பில் இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடித உறைகளை வீசாதீர்கள். திகதியில்லாத கடிதத்துக்கு, உறையில் தபால்கந்தோர் குத்திய முத்திரையே திகதி சொல்லும். அதனால் முத்திரை சேர்க்கும் பிள்ளைகளை இந்தப் பெட்டியிலிருந்து சற்றுத் தள்ளியே வையுங்கள்.

இந்த வேலைக்கு வறண்ட கச்சான் காற்று வீசும் காலம் நல்லது. ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் மழை நாட்களில் பெட்டியைத் திறந்து பரப்பினால், கடதாசி ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும்.

இரண்டாம் படி: பெயர் சொல்லக்கூடியவரை உட்கார வையுங்கள்

என்னைக் கேட்டால் இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. ஸ்கேனரை அடுத்த வருடமும் வாங்கலாம். படத்தில் நிற்கும் பன்னிரண்டு பேரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய அப்பம்மாவோ மூத்தம்மாவோ அடுத்த வருடம் இருப்பாரா, இருந்தாலும் நினைவு இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. பெயரில்லாத படத்தை நூலகம் பாதுகாக்கும், ஆனால் எவராலும் தேடி எடுக்க முடியாது.

ஒரு நாளில் எல்லாவற்றையும் கேட்டுவிட நினைக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வயதானவர் களைத்துப்போவார், பதில்கள் சுருங்கிவிடும். "இது யார்?" என்று மட்டும் கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடியும். "இது எந்த வீட்டு முற்றம்? இந்தக் கதிரை யாருடையது? அன்றைக்கு என்ன விசேஷம்?" என்று கேளுங்கள். இடம் நினைவுக்கு வந்தால் ஆட்களும் வருவார்கள்.

சொல்வதைக் கைபேசியில் பதியுங்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவரின் முழுப் பெயர், கேட்பவரின் பெயர், எந்தப் பெட்டியைப் பார்க்கிறீர்கள் என்பதை வாயால் சொல்லுங்கள். பின்னர் கோப்பின் பெயர் மாறினாலும் அந்தத் தகவல் பதிவுக்குள்ளேயே இருக்கும். பதிவதற்கு அவருடைய சம்மதத்தையும், நூலகத்துக்குக் கொடுக்கலாமா என்பதையும் கேட்டு, அந்தப் பதிலும் பதிவில் இருக்கச் செய்யுங்கள்.

எழுதும்போது உறவுமுறையோடு நிறுத்தக் கூடாது. 'பெரியப்பா' என்று மட்டும் எழுதினால் ஐம்பது வருடத்துக்குப் பின் யாருடைய பெரியப்பா என்று கேட்க ஆள் இருக்காது. முழுப் பெயர், ஊர், தொழில், உங்களுக்கு என்ன முறை என்று நான்கையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டு தெரியாவிட்டால் ஊர் நினைவைப் பிடியுங்கள். யப்பான் விமானங்கள் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தது 1957. பெரும் சூறாவளி 1964 டிசம்பர். கடல் பொங்கியது 2004 டிசம்பர் 26. மூதூர், சம்பூர்ப் பக்கத்து இடப்பெயர்வு 2006. "சூறாவளிக்குப் பிறகு, தங்கச்சி பிறப்பதற்கு முன்" என்ற பதிலே போதுமான திகதி. அதை அப்படியே எழுதிப் பக்கத்தில் நீங்கள் கணித்த ஆண்டையும் குறியுங்கள்.

மூன்றாம் படி: கசெட்டுகளுக்கு முதலிடம்

நன்றாக வைத்த கடதாசி இன்னும் நூறு வருடம் காத்திருக்கும். காந்த நாடா காத்திருக்காது. நாடாவில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரத்தில் சிதைகிறது. அதைவிட வேகமாக, ஓடவிடும் கருவிகள் மறைகின்றன. வீ.எச்.எஸ். வீடியோ கசெட் கருவிகளைக் கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அதை நிறுத்தியது. யுனெஸ்கோவும் ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019 இல் ஓர் எச்சரிக்கை விடுத்தன. 2025 அளவில் உலகின் பல பாகங்களில் காந்த நாடாக்களை வழமையாக ஓடவிடும் வாய்ப்பே முடிந்துவிடும் என்பதுதான் அதன் சாரம். ஆகவே கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டுக் கசெட்டுகளை முதலில் எடுங்கள்.

என்ன இருக்கும் என்று உறையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நம் வீடுகளில் ஒரே கசெட்டைத் திரும்பத் திரும்பப் பதிவுக்குப் பயன்படுத்தினார்கள். சினிமாப் பாட்டு என்று எழுதியிருக்கும் கசெட்டின் இரண்டாம் பக்கத்து முடிவில், சவூதியிலிருந்து அப்பா அனுப்பிய குரல் கடிதத்தின் கடைசி நிமிடங்கள் இருக்கலாம். கடிதம் எழுத நேரமில்லாதவர்களும் எழுதத் தெரியாதவர்களும் 80களில் இப்படிப் பேசித்தான் அனுப்பினார்கள். கூத்து, வில்லுப்பாட்டு, கோயில் சொற்பொழிவு, தாலாட்டு, ஒப்பாரி போன்றவை வேறெங்கும் இல்லாமல் ஒரே ஒரு கசெட்டில் மட்டும் எஞ்சியிருக்கக்கூடும். இரண்டு பக்கங்களையும் முடிவு வரை கேளுங்கள்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கசெட்டின் மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்துவிடுங்கள்; தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய குரல் அழியாது. நாடாவில் வெண்பொடி போலப் பூஞ்சணம் தெரிந்தால் ஓடவிடாதீர்கள். அது கருவிக்குள் பரவி அடுத்த கசெட்டையும் பாதிக்கும், மூச்சுக்கும் கேடு. அதைத் தனியாக உறையிட்டுக் குறிப்பெழுதி நூலகத்திடம் விடுங்கள். நல்ல நிலையில் இருப்பவற்றை ஒரு முறை முழுவதுமாக முன்னும் பின்னும் சுற்றிவிட்டால் இறுக்கம் சமப்படும். கருவியின் காந்தத் தலையை ஐசோபுரோப்பைல் அற்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். 120 நிமிடக் கசெட்டின் நாடா மிக மெல்லியது, எளிதில் சிக்கிக்கொள்ளும். அதில் நிறுத்துவதும் திருப்புவதும் இல்லாமல் ஒரே ஓட்டமாகப் பதிவெடுங்கள். உள்ளே நாடாவை அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு கழன்றிருந்தால் ஒலி மங்கும். திருகாணியுள்ள கசெட்டென்றால் நாடாச் சுருளை வேறொரு நல்ல கூட்டுக்கு மாற்றலாம். அது பழகிய கைக்குரிய வேலை. பாட்டுக் கசெட் ஒன்றில் பழகிவிட்டுச் செய்யுங்கள்.

கருவியின் ஒலி வெளியீட்டிலிருந்து கம்பி மூலம் கணினிக்கு எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் முன்னால் கைபேசியை வைத்துப் பதிவது, வேறு வழியே இல்லாதபோது மட்டும். காப்பகங்கள் கேட்கும் தரம் 96 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பு. குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸாவது வேண்டும். உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலி ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் பிடிக்கும். எம்பி3 கோப்பு உறவினருக்கு அனுப்ப மட்டுமே. மூலக் கோப்பில் இரைச்சலை நீக்காதீர்கள். பின்னணியில் கேட்கும் கடலோசையும் பாங்கொலியும் அந்த வீடு எங்கே இருந்தது என்று சொல்பவை. அழகுபடுத்த விரும்பினால் பிரதியில் செய்யுங்கள்.

வீடியோ கசெட்டுகளுக்கும் இதே விதிதான். இலங்கையில் பதிந்தவை பால் (PAL) எனப்படும் வீடியோ முறையில் இருக்கும். வட அமெரிக்காவிலிருந்து வந்தவை வேறு முறையில் இருக்கும், எல்லாக் கருவியிலும் ஓடா. திருமண வீடியோவை ஊர் வரலாறாகப் பார்க்கப் பழகுங்கள். மணமக்களுக்குப் பின்னால் தெரியும் கடைப் பலகைகள், பஸ்கள், இன்று இல்லாத வீடுகள் ஆகியவற்றுக்காகவே நாளை ஆராய்பவர் அதைத் தேடுவார்.

பதிவெடுத்து முடிந்ததும் கசெட்டை வீசாதீர்கள். மூலத்திலிருந்து இன்னும் நன்றாக எடுக்கக்கூடிய ஒருவர் நூலகத்தில் இருக்கலாம். நிமிர்த்தி, உறைக்குள், ஸ்பீக்கருக்கு அருகில் இல்லாமல் வையுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவிகளில், ஒன்று வேறு ஊரில். கடல் வீட்டுக்குள் வந்து போனதைக் கண்ட நமக்கு அந்த மூன்றாவது நிபந்தனையை விளக்க வேண்டியதில்லை.

நான்காம் படி: கடதாசி, படங்கள், ஏடுகள்

இந்த ஊரின் உப்புக்காற்றில் குண்டூசியும் கிளிப்பும் விரைவில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். துரு ஒட்டியிருந்தால் இழுக்காமல், தாளுக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டொன்றைச் செருகிக் கழற்றுங்கள். ஒன்றாக இருந்த தாள்களை வெள்ளைத் தாளால் மடித்துச் சேர்த்தே வையுங்கள். எழுதுவதற்குப் பென்சில் மட்டும்.

கிழிந்த இடத்துக்கு ஒட்டுநாடா போடக் கூடாது. அதன் பசை மஞ்சளாகி மையையும் இழுத்துவிடும். லாமினேற் செய்வது அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. பூச்சி உருண்டையைப் பெட்டிக்குள் போடாதீர்கள். வேப்பிலை வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் பெட்டிக்கு வெளியே வையுங்கள், உள்ளே வைத்தால் கறை பிடிக்கும். கறையானுக்கு ஒரே வழி, பெட்டியை நிலத்திலும் சுவரிலும் முட்டாமல் உயர்த்தி வைத்து மாதமொரு முறை திறந்து பார்ப்பது.

ஈரமான தாளில் இரண்டு மூன்று நாட்களுக்குள் பூஞ்சணம் வரும். வெயிலில் போடாமல் நிழலில், காற்று நேரே படாமல் உலர்த்துங்கள். அளவு மிகுதியென்றால் சிறு சிறு கட்டாகச் சுற்றிக் குளிர்பதனப் பெட்டியின் உறைநிலைப் பகுதியில் வைத்தால் அவகாசம் கிடைக்கும்.

கடிதங்களை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யலாம். ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்து எடுங்கள்.

ஏட்டுச்சுவடி இருந்தால் எண்ணெய் பூசாதீர்கள், கட்டை அவிழ்க்காதீர்கள். பழைய மருத்துவக் குடும்பங்களில் வாகட ஏடுகள் இன்னும் இருக்கக்கூடும். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அத்தகைய ஏட்டைப் பற்றிப் பேச அது பொருத்தமான இடம்.

ஐந்தாம் படி: கொடுப்பதும் மூடிவைப்பதும்

காணி உறுதி, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், காணாமற்போன ஒருவரைப் பற்றிய முறைப்பாட்டுத் துண்டுகள், ஆணைக்குழுக்களுக்கு எழுதிய கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றின் மூலத்தை வீட்டிலேயே வைத்திருங்கள். அவை இன்றும் சாட்சியம். நூலகத்துக்கு ஸ்கேன் பிரதி போதும்.

போர்க்காலக் கடிதங்களில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், யார் எங்கே இருந்தார்கள் என்ற விவரங்கள், நோய், குடும்பத் தகராறு எல்லாம் இருக்கும். இவற்றைக் கண்டதும் கொளுத்தத் தோன்றும். கொளுத்த வேண்டாம். ஒரு குறிப்பிட்ட ஆண்டு வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் முத்திரையிட்டுக் கொடுக்கலாம்; சேகரிப்புப் பிரிவுகள் இதை வழமையாகச் செய்கின்றன. எந்தக் கோப்பு, எந்த ஆண்டு வரை, யார் அனுமதித்தால் முன்கூட்டித் திறக்கலாம் என்பதை எழுத்தில் கொடுங்கள். இன்று பேச முடியாத ஒரு தாயின் கடிதம் நாளை படிக்கப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். யாருக்கும் தீங்கு வராத நாளில் படிக்கப்பட வேண்டும்.

ஆறாம் படி: நூலகத்தைத் தேர்ந்தெடுத்தல்

அருகில் இருப்பது கோணேசபுரி வளாக நூலகம். அதன் தாய்ப் பல்கலைக்கழகம் வந்தாறுமூலையில். ஒலுவில், யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களும் எட்டாத தூரமல்ல. கொடுக்குமுன் நூலகரிடம் நேரில் கேளுங்கள்: தனியார் ஆவணங்களை ஏற்கும் கொள்கை உண்டா? வளியூட்டிய அறையும் பூட்டும் உண்டா? கசெட்டை ஓடவிடும் கருவி உண்டா? வெளியிலிருந்து வரும் வாசகர் பார்க்க முடியுமா? "அறை ஒதுக்கிய பிறகு பார்ப்போம்" என்ற பதில் வந்தால், அறை ஒதுக்கும்வரை பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூலத்தை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. 2005 இல் தொடங்கிய, 'நூலகம்' என்ற பெயருடைய நிறுவனம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்மப்படுத்தி இணையத்தில் வைக்கிறது. படங்களுக்கும் ஒலிகளுக்கும் ஆவணகம் என்ற தளத்தையும் நடத்துகிறது. எண்மப் பிரதியை அங்கே கொடுத்து மூலத்தை வீட்டில் காக்கலாம். இரண்டையும் செய்வது இன்னும் நல்லது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஒரே இடத்தில் மட்டும் இருந்த சுவடிகள் திரும்பி வரவில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மூலத்தை அனுப்ப நினைப்பவர்கள் 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தை மறக்கக் கூடாது. பழைய ஏடுகளுக்கு ஏற்றுமதி அனுமதி தேவைப்படும். பயணப் பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

ஏழாம் படி: கையெழுத்திடுமுன்

வாய்மொழியாகக் கொடுத்த பெட்டிகளைப் பற்றித்தான் பின்னாளில் சண்டைகள் வருகின்றன. ஓர் ஒப்பந்தம் எழுதுங்கள். கொடை என்றால் உடைமை நூலகத்துக்குப் போய்விடும். வைப்பு என்றால் உங்களிடமே இருக்கும், ஆனால் நூலகம் அதற்குப் பணம் செலவிடத் தயங்கும். உடன்பிறந்தார் எல்லாரும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். நூலகம் வேண்டாமென்று ஒதுக்கும் பொருளைத் திருப்பித் தர வேண்டும், எண்மப் பிரதி ஒன்று குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டும், இணையத்தில் வைப்பதற்குத் தனி அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதிப்புரிமை வேறு விடயம். உங்கள் தாத்தாவுக்கு வந்த கடிதத்தின் தாள் உங்களுடையது. அதன் வாசகத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை அது நீடிக்கும். தாத்தா எழுதியவற்றுக்கு மட்டுமே நீங்கள் உரிமை தர முடியும். வானொலியிலிருந்து பதிந்த பாடல்களும் நாடகங்களும் உங்களுடையவை அல்ல. ஆய்வு வாசிப்புக்கு நூலகம் வைத்திருக்கலாம், இணையத்தில் இட உங்களால் அனுமதி தர முடியாது.

எட்டாம் படி: பட்டியலும் ஒப்படைப்பும்

ஒவ்வொரு தாளையும் பட்டியலிட வேண்டியதில்லை. பெட்டி எண், கோப்பின் தலைப்பு, ஆண்டு எல்லை, இரண்டு வரி விளக்கம் போதும். கசெட்டுகளுக்கு மட்டும் ஒவ்வொன்றுக்கும் தனி வரி: பக்கம், நேரம், பேசுபவர், இடம். இதனுடன் ஆவணத்துக்குரியவரின் வாழ்க்கைக் குறிப்பு ஒரு பக்கமும், இரண்டாம் படியில் பதிந்த உரையாடல்களும் சேர வேண்டும். பெட்டியைக் கையளிக்கும் நாளில் பட்டியலின் இரு பிரதிகளிலும் நூலகரின் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள்.

நூலகம் தன் விவரப் பட்டியலைத் தயாரிக்க மாதங்கள் ஆகும், ஆளில்லாத இடத்தில் வருடங்களும் ஆகும். இடையிடையே போய்க் கேளுங்கள். வெளிவந்ததும் பெயர்களின் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பும்போது உருமாறி, தேடுபவருக்கு அகப்படாமல் போவதுண்டு. தவறு இருந்தால் எழுத்தில் அறிவியுங்கள். பின்னர் வேறு அலுமாரியில் கிடைக்கும் கடிதங்களைப் புதிய தொகுப்பாக்காமல் அதே தொகுப்பின் எண்ணைக் குறிப்பிட்டுச் சேர்க்கக் கொடுங்கள். குடும்பத்தில் அடுத்த தலைமுறையிலிருந்து ஒருவரின் பெயரைத் தொடர்பாளராகப் பதிந்துவையுங்கள். முத்திரையிட்ட கோப்பைத் திறக்கும் ஆண்டு வரும்போது நூலகம் கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்.